கால்வாய்க் கரையும் கால்வாய் நீரும்

நகரங்களின் நடுவே செல்லும் கால்வாய்கள் பெரும்பாலும் ஒரே வகையான வரலாற்றை உடையவை. சரக்கு ஏற்றிச் செல்வதற்கென்று அவை வெட்டப்பெற்றன. ரயில் பாதைகளும் மோட்டார் லாரிகளும் வந்த பின்னர்ச் சரக்குக் குறைந்தது. சரக்குக் குறைந்ததும் கவனிப்புக் குறைந்தது. கவனிப்புக் குறைந்ததும் சாக்கடை நீர் வந்து சேர்ந்தது. முடிவில் ஊரார் வீட்டின் முகப்பைத் தெருப் பக்கம் அமைத்துக்கொண்டு, கால்வாய்க்குப் புறக்கடையைக் காட்டி வாழலாயினர்.

சென்ற ஐம்பது ஆண்டுகளில் உலகின் பல நகரங்கள் இத்தகைய கரைகளைத் திருத்தி, உல்லாசப் பிரயாணிகள் நாடி வரும் இடங்களாக்க முயன்றுள்ளன. இவ்வேலை தொடங்கும்போது யாவர் கண்ணுக்கும் முதலில் தோன்றுவது கரையே. நடைபாதை, விளக்குக் கம்பம், பூஞ்செடி, சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றைப் பற்றியே திட்டங்கள் பேசுகின்றன. ஆனால் துர்நாற்றம் வீசும் நீரின் ஓரத்தில் எத்துணை அழகிய இருக்கையை அமைத்தாலும் அதில் அமர்வார் இலர். கரையைத் திருத்துவது சிற்பியின் வேலை எனில், நீரைத் திருத்துவது விஞ்ஞானியின் வேலை. இரண்டனுள் எது முந்தியது என்பதை விளக்குவதற்கு இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்துள்ள சால்போர்டு நகரின் கப்பல் துறைகள் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

கப்பல் கால்வாயின் தோற்றம்

மான்செஸ்டர் நகரம் பருத்தி ஆலைகளுக்குப் பேர் பெற்றது. ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடைவீதிகளில் மலிந்திருந்த லங்காஷயர் துணிக்கு அதுவே வாணிக மையம். ஆயின் அந்நகரம் கடற்கரையில் இல்லை. பஞ்சு வருவதும் துணி போவதும் லிவர்பூல் துறைமுகத்தின் வழியாகவே நடைபெற்றன. துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் மிகுதி என்று ஆலை முதலாளிகள் குறைபட்டனர். கடற்கப்பல் நேரே தம் ஊருக்கு வந்து சேருமாறு ஒரு கால்வாய் வெட்டுவதென 1882-இல் அவர்கள் கூடி முடிவு செய்தனர். பாராளுமன்றத்தின் அனுமதி 1885-இல் கிடைத்தது. வெட்டும் வேலை 1887-இல் தொடங்கிற்று. கால்வாய் 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கப்பல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் விக்டோரியா ராணியார் நேரில் வந்து திறப்பு விழாவை நடத்தினார்.

இதன் நீளம் சுமார் 58 கிலோமீட்டர். மெர்சி ஆற்றின் கழிமுகத்திலிருந்து சால்போர்டு வரை, 'லாக்' எனப்படும் கதவுத் தொட்டிகள் ஐந்து இடங்களில் அமைக்கப்பட்டு, கப்பல்கள் படிப்படியாகச் சுமார் 18 மீட்டர் உயர்த்தப்பட்டன. கால்வாயின் மேற்பகுதி முற்றிலும் புதிதாக வெட்டியதன்று. இர்வெல் என்னும் ஆற்றையே அகலப்படுத்தியும் ஆழப்படுத்தியும் அது அமைக்கப்பட்டது. இது பின்னர் நேர்ந்த கேட்டினை அறிதற்கு இன்றியமையாத செய்தியாகும்.

கால்வாயின் தலைப்பில் பெரிய கப்பல் துறைகள் எழுந்தன. அவற்றுள் மிகப் பெரிதான ஒன்பதாம் எண் துறையை ஏழாம் எட்வர்டு மன்னர் 1905-இல் திறந்துவைத்தார். அதன் நீளம் 2,700 அடி. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உள்நாட்டில் இருந்தும், மான்செஸ்டர் துறைமுகம் தன் சிறப்பான நாட்களில் பிரிட்டனின் துறைமுகங்களுள் மூன்றாவதாக விளங்கிற்று.

நீர் கெட்டது எவ்வாறு

ஓடும் ஆறு தன்னைத்தானே ஓரளவு சுத்தம் செய்துகொள்ளும். பாறையில் மோதியும் சரிவில் விழுந்தும் ஓடும்போது அது காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எனப்படும் பிராணவாயுவைக் கரைத்துக்கொள்கிறது. நீரிலுள்ள பாக்டீரியாக்கள் இவ்வாயுவைப் பயன்படுத்தி அழுக்கினைச் சிதைக்கின்றன. அழுக்கின் அளவு சிறிதாகவும் வாயுவின் வரவு பெரிதாகவும் இருக்கும்வரை ஆறு நலமாயிருக்கும்.

இர்வெல் ஆற்றில் இவ்விரண்டும் தலைகீழாயின. ஆற்றின் கரையெங்கும் துணி ஆலைகளும், சாயப் பட்டறைகளும், ரசாயனத் தொழிற்சாலைகளும், நெருங்கிய குடியிருப்புகளும் தோன்றிக் கழிவு நீரை ஆற்றில் விட்டன. அவ்வாறு வந்த நீர் ஆழமும் அகலமும் மிக்க கப்பல் கால்வாயில் புகுந்தவுடன் அதன் வேகம் அடங்கிற்று. வேகம் அடங்கவே, அதுவரை மிதந்து வந்த கழிவுப் பொருள்கள் அடியில் படிந்தன. சுருங்கக் கூறின், கால்வாயின் தலைப்பு ஒரு நகரத்தின் கழிவு முழுவதையும் வண்டலாகப் படியச் செய்யும் மாபெரும் தொட்டியாக மாறிற்று.

அடிச்சேற்றில் பிராணவாயு எஞ்சவில்லை. அவ்வாயு இல்லாத இடத்தில் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை மீதேன் வாயுவையும், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவையும் உண்டாக்குகின்றன. கோடைக் காலத்தில் இவ்வாயுக்கள் குமிழிகளாகத் திரண்டு எழும்போது, சேற்றையும் பாளம் பாளமாக மேலே தூக்கி வந்து மிதக்கவிடும். மீன் முதலிய உயிர்கள் அங்கு வாழ இயலவில்லை.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. கால்வாய் திறந்த அதே 1894-ஆம் ஆண்டில், அதன் கரையிலுள்ள டேவிஹியூம் என்னுமிடத்தில் மான்செஸ்டர் நகரசபை சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றைத் திறந்தது. அந்நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இரு ரசாயன நிபுணர்கள் செய்த பரிசோதனைகளின் பயனாக, சாக்கடை நீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கி அழுக்கை அகற்றும் 'செயலூக்கிய சேறு' முறை 1914-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் பெருநகரங்களில் இன்று வழங்கிவரும் முறை இதுவே. அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்த கில்பர்ட் பௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராகப் பதவியேற்றார் என்பது நம் நாட்டுக்கும் இவ்வாராய்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும். எனவே, நீரைச் சுத்தம் செய்யும் அறிவு அக்கால்வாயின் கரையிலேயே பிறந்திருந்தது. அவ்வறிவை அந்நீருக்கு முழுவதும் பயன்படுத்துவதற்கான பொருளும் உறுதியும் தாம் வெகுகாலம் கிடைக்கவில்லை.

துறைமுகம் மூடப்படுதல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கப்பல்களின் அளவு பெருகியது. சரக்கைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து ஏற்றும் முறை பரவியது. அத்தகைய கப்பல்கள் சால்போர்டு வரை வர இயலவில்லை. லங்காஷயரின் பருத்தித் தொழிலும் நலிந்தது. 1982-இல் சால்போர்டின் துறைகள் மூடப்பட்டன. சுமார் 3,000 பேர் வேலை இழந்தனர். கால்வாயின் கீழ்ப்பகுதியில் கப்பல்கள் பின்னரும் சென்று வந்தன. ஆனால் தலைப்பிலுள்ள துறைகளில் பாழடைந்த கிடங்குகளும், துருப்பிடித்த பாரந்தூக்கிகளும், கருமையான நீருமே மிஞ்சின.

சால்போர்டு நகரசபை மத்திய அரசாங்கத்தின் மானியத்தைக் கொண்டு 1983-இல் இத்துறைகளை விலைக்கு வாங்கிற்று. பாழ்நிலத்தைத் திருத்தும் பொருட்டு 1985-இல் விரிவான அபிவிருத்தித் திட்டம் வகுக்கப்பட்டது. துறைக் குட்டைகளைத் தூர்த்து நிலமாக்கி விற்பது எளிதான வழி. வேறு ஊர்களில் அவ்வாறு செய்ததும் உண்டு. இங்கோ நீரே இவ்விடத்தின் செல்வம் என்று திட்டம் தீட்டியோர் கருதினர். ஆகவே நீரை வைத்துக்கொள்வது என்றும், வைத்துக்கொள்ளும் நீரைச் சுத்தமாக்குவது என்றும் முடிவாயிற்று.

முதற்படி: கெட்ட நீரைத் தடுத்தல்

இர்வெல் ஆறு முழுவதையும் சில ஆண்டுகளில் சுத்தம் செய்வது இயலாத காரியம். அதன் மேற்பகுதியில் பல ஊர்கள் உள்ளன. பழைய ஊர்களில் மழை நீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழை பெய்யும்போது குழாய் கொள்ளாத நீர், சாக்கடையோடு கலந்தபடியே ஆற்றில் வழிந்துவிடும். இத்தகைய வழிவாய்கள் ஒன்றிரண்டல்ல, மிகப் பல.

எனவே பொறியியல் நிபுணர்கள் வேறொரு வழியைக் கண்டனர். துறைக் குட்டைகள் கால்வாயோடு சேரும் வாய்களில் அணைகள் கட்டி, உள்ளிருக்கும் நீரைக் கால்வாய் நீரிலிருந்து பிரித்தனர். குட்டைகளைத் தமக்குள் இணைக்கப் புதிய சிறு கால்வாய்களை வெட்டினர். இவ்வாறு பிரித்த உடனே, நாள்தோறும் வந்துகொண்டிருந்த அழுக்கின் வரவு நின்றது. சாக்கடை வழியாக வரும் நோய்க் கிருமிகள் புதிதாக வந்து சேராமையால், பழையவை சூரிய ஒளியாலும், வண்டலோடு படிவதாலும், பிற நுண்ணுயிர்களுக்கு இரையாவதாலும் நாளடைவில் குறையலாயின.

தொட்டியில் ஓட்டை இருக்கும்போது நீரை இறைத்து ஊற்றுவது வீண் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அழுக்கு வந்துகொண்டிருக்கும்போது நீரைச் சுத்தம் செய்ய முயல்வதும் அவ்வாறே. சால்போர்டு கற்பிக்கும் முதற் பாடம் இது.

இரண்டாம் படி: நீரைக் கலக்குதல்

வரவு நின்றதனால் மட்டும் நீர் நலம் பெற்றுவிடாது. அடியில் பழைய சேறு கிடந்தது. மேலும், ஓட்டமற்ற ஆழ்ந்த நீருக்கு உரிய வேறொரு குறையும் இருந்தது. அதனை விளக்குதல் அவசியம்.

கோடை வெயிலில் நீரின் மேற்பரப்பு சூடேறுகின்றது. சூடான நீர் இலேசானது. ஆதலின் அது மேலேயே தங்குகின்றது. குளிர்ந்த நீர் கனமானது. அது அடியில் கிடக்கின்றது. எண்ணெயும் நீரும் போல இவ்விரு அடுக்குகளும் எளிதில் கலப்பதில்லை. மேலடுக்குக் காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதற்குப் பிராணவாயு கிடைக்கும். கீழடுக்குக்கோ அவ்வாயு சென்று சேர வழியில்லை. அங்குள்ள சிறிதளவையும் சேற்றின் பாக்டீரியாக்கள் விரைவில் செலவழித்துவிடும்.

இதனால் மற்றொரு தீங்கும் நேர்கின்றது. சேற்றிலுள்ள பாஸ்பரஸ், பிராணவாயு உள்ளவரை இரும்புச் சேர்மங்களோடு பிணைந்து அடியிலேயே கிடக்கும். வாயு தீர்ந்ததும் பிணைப்பு அவிழ்ந்து, பாஸ்பரஸ் நீரில் கரைந்து மேலே வருகின்றது. வயலுக்கு உரம் எப்படியோ, பாசிக்குப் பாஸ்பரஸ் அப்படி. நீர் பச்சை நிறமாகிப் பாசி படரும். அது மடிந்து அடியில் வீழ்ந்து அழுகும்போது மேலும் பிராணவாயு செலவாகும். ஒரு தீங்கு மற்றொன்றைப் பெற, அது முன்னதையே வளர்க்கும் சுழல் இது.

இச்சுழலை அறுப்பதற்குக் குட்டைகளின் அடியில் காற்றுக் குழாய்கள் பொருத்தப்பட்டன. கரையிலுள்ள இயந்திரம் அழுத்திய காற்றை அனுப்ப, அது நீரின் அடியில் செங்குத்தாக நிற்கும் அகன்ற குழல்களின் வழியே குமிழிகளாக எழுகின்றது. குழலின் உட்புறம் திருகு போன்ற அமைப்பை உடையது. எழும் குமிழிகள் அடியிலுள்ள குளிர்ந்த நீரைத் தம்மோடு இழுத்து மேலே கொணர்கின்றன. மேலுள்ள நீர் அவ்விடத்தை நிரப்பக் கீழே இறங்குகின்றது. குமிழியிலிருந்து நேரே கரையும் வாயுவினும், இவ்வாறு நீர் முழுவதும் மாறி மாறிக் காற்றைத் தொடுவதால் கிடைக்கும் வாயுவே சிறப்பான பயனாகும். மேலும், பாசி ஒளி நிறைந்த மேற்பரப்பில் நிலையாகத் தங்காதபடி இருண்ட ஆழத்துக்கு அடிக்கடி கொண்டு செல்லப்படுவதால் அதன் வளர்ச்சியும் தடைப்படுகின்றது.

உயிர்கள் திரும்புதல்

நீரின் நலத்தை அளக்க இரு வழிகள் உண்டு. ஒன்று ரசாயனப் பரிசோதனை. மற்றது அதில் வாழும் உயிர்களைக் கணக்கெடுத்தல். ரசாயனப் பரிசோதனை, நீர் எடுத்த கணத்தின் நிலையைக் கூறும். உயிர்களோ பல மாதங்களின் நிலையைக் கூறும். கெட்ட நீரின் அடியில் செந்நிறப் புழுக்கள் போன்ற சில வகை உயிர்களே மிகுதியாகக் காணப்படும். நீர் திருந்தத் திருந்த வகைகள் பெருகும். நத்தை, நீர்ப்பூச்சி, சிற்றிறால் போன்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும். சால்போர்டுக் குட்டைகளிலும் இம்மாறுதல் காணப்பட்டது. கெண்டை, பெர்ச், ரோச் முதலிய மீன்கள் அவற்றில் விடப்பட்டுப் பிழைத்து வளர்ந்தன. தூண்டில் போடுவோர் கரைக்கு வரலாயினர். மீன் பிடிப்பவனைக் காட்டிலும் நல்ல விளம்பரம் நீருக்கு வேறில்லை.

அணைகளுக்கு வெளியே, கப்பல்கள் திரும்புவதற்காக அகலமாக வெட்டப்பட்ட பகுதி மட்டும் பழைய நிலையிலேயே இருந்தது. அது ஆற்றோடு சேர்ந்தது. அதைப் பிரிக்க இயலாது. ஆகவே 2001-ஆம் ஆண்டில் அங்கே வேறு முறை தொடங்கப்பட்டது. திரவ நிலையிலுள்ள பிராணவாயுவைக் கரையில் சேமித்து, வேண்டியபோது நீரில் கரைத்துச் செலுத்தினர். நாளொன்றுக்கு 15 டன் வரை இவ்வாயு செலுத்தப்பட்டது. நோயாளிக்கு மருத்துவமனையில் பிராணவாயு கொடுப்பதை இது ஒக்கும். இதன் பின்னர் அப்பகுதியிலும் மீன்கள் தங்கலாயின.

இவ்வேலைகள் தனித்து நடைபெறவில்லை. மெர்சி ஆற்றுப் பிரதேசம் முழுவதற்குமாக 1985-இல் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டு 25 ஆண்டுகள் நடைபெற்றது. ஆறுகள் யாவும் மீன் வாழத்தக்க தூய்மை பெறுதல், பாழடைந்த நீர்க்கரைகள் திருந்துதல், பொதுமக்கள் இவ்வேலையில் பங்கு கொள்ளுதல் என்பன அதன் நோக்கங்கள். அரசாங்கமும், தொழிற்சாலைகளும், பள்ளிகளும் அதில் சேர்ந்து உழைத்தன. ஆறுகளைத் திருத்துவதற்கென்று ஏற்பட்ட சர்வதேசப் பரிசு முதன் முதலாக வழங்கப்பட்டபோது, 1999-இல், அது இவ்வியக்கத்துக்கே கிடைத்தது.

கரையில் எழுந்தவை

நீர் திருந்தத் தொடங்கிய பின்னரே கரை சிறப்படைந்தது. முன்னர் ரயில் சென்ற இரும்புப் பாலம் ஒன்று 1988-இல் இடம் பெயர்த்துக் கொணரப்பட்டு, இரு குட்டைகளுக்கிடையே நடைப் பாலமாக நிறுத்தப்பட்டது. கனடாவோடு நடந்த பழைய கப்பல் வாணிகத்தின் நினைவாகக் குட்டைகளுக்கு ஒன்டேரியோ, ஈரி, ஹ்யூரன் என அப்பக்கத்து ஏரிகளின் பெயர்கள் இடப்பட்டன. நீரின் ஓரமாக நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

சால்போர்டில் வாழ்ந்து, ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சித்திரங்களாகத் தீட்டிய எல். எஸ். லௌரியின் பெயரால் ஒரு கலைக்கூடமும் நாடக அரங்குகளும் 2000-இல் திறக்கப்பட்டன. அதற்கு எதிர்க்கரையில் 2002-இல் போர் வரலாற்றுப் பொருட்காட்சிசாலை ஒன்று எழுந்தது. இரண்டையும் இணைக்கும் நடைப் பாலம், கப்பல் வரும்போது முழுவதுமாக மேலே தூக்கப்படும் அமைப்பை உடையது. நகரத்தினின்று மின்சார டிராம் வண்டிகள் 1999-இல் இங்கு வரத் தொடங்கின. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் சில பிரிவுகள் 2011-இல் இங்கு குடியேறின.

ஆயினும், இவையனைத்தினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. 2002-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் மான்செஸ்டரில் நடைபெற்றபோது, நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த போட்டி சால்போர்டில் நடந்தது. பல நாட்டு வீரர்கள் அந்நீரில் இறங்கி 1,500 மீட்டர் நீந்தினர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மீனும் வாழாத நீர் அது.

பயனும் குறையும்

இம்முயற்சியைப் போற்றும்போது அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். முதலாவது, இது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. காற்றுச் செலுத்தும் இயந்திரம் நின்றால், ஒரு கோடையிலேயே அடுக்குகள் மீண்டும் பிரிந்து பழைய தீங்கு தலைகாட்டும். மின்சாரச் செலவும், பழுது பார்க்கும் செலவும், பரிசோதனைச் செலவும் ஆண்டுதோறும் உண்டு. பழம்பொருள்களுக்கும் இது பொருந்தும். துறைமுகத்தின் நினைவாக நிறுத்திவைத்திருந்த இரண்டு பாரந்தூக்கிகள் பராமரிப்பின்றிப் பழுதுற்றமையால் 2013-இல் இடித்து அகற்றப்பட்டன.

இரண்டாவது, அணையால் பிரித்தது குட்டையின் நீரையே காத்தது, ஆற்றைக் காக்கவில்லை. மழைக் காலத்தில் சாக்கடை வழிந்து ஆற்றில் சேர்வது இங்கிலாந்தில் இன்றும் முற்றும் நீங்கவில்லை.

மூன்றாவது, வேலையிழந்த துறைமுகத் தொழிலாளிக்குக் கலைக்கூடத்திலும் அலுவலகத்திலும் உடனே வேலை கிடைத்துவிடாது. பாரம் தூக்கிப் பழகிய கைக்கு ஏற்ற தொழில் வேறு. புதிய கட்டடங்கள் வேண்டும் தொழில் வேறு. நீர்க்கரை அழகு பெற்றதும் அங்குள்ள வீட்டு வாடகை உயர்வது எந்நாட்டிலும் இயல்பு. பல தலைமுறைகள் அந்நாற்றத்தைப் பொறுத்து வாழ்ந்தவர்கள், நாற்றம் நீங்கிய பின்னர் அங்கு வாழ இயலாமற் போவது நியாயமாகாது. ஆகவே பழைய குடிகளின் வீட்டுக்கும், அவர்களுடைய மக்களின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம் வகுத்தல் வேண்டும்.

நம் நாட்டுக்குப் பொருந்துமாறு

சால்போர்டில் செய்ததை அப்படியே நம் ஊர்களில் செய்ய இயலாது. அதற்குத் தட்பவெப்பமே முதற் காரணம். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகின்றது. 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தூய நீர், லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வாயுவைக் கொள்ளும். 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம் மட்டுமே. மீன்கள் நலமாக வாழ லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் வேண்டும். எனவே குளிர்நாட்டு நீருக்கு இருக்கும் கையிருப்பு நம் நாட்டு நீருக்கு இல்லை. மேலும், வெப்பத்தில் பாக்டீரியாக்கள் விரைவாக வேலை செய்து வாயுவைச் சீக்கிரம் தீர்த்துவிடுகின்றன. அழுக்கின் பிராணவாயுத் தேவையை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளப்பது மேனாட்டு வழக்கம். அதனை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கும் முறை நம் நாட்டில் ஏற்பட்டதும் இது கருதியே. ஆதலின் அழுக்கு வருமுன் தடுப்பது மேனாட்டினும் இங்கு இன்றியமையாதது.

களப் பணியாளர் நீரைச் சோதிக்கும்போது ஒரு பிழை நேராமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நடுப்பகலில் மேற்பரப்பு நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால், பாசி மிகுந்த கால்வாயிலும் பிராணவாயு நிரம்பக் காணப்படும்; ஏனெனில் பாசி பகலில் வாயுவை வெளிவிடுகின்றது. இரவிலோ அது தானும் சுவாசித்து வாயுவைச் செலவழிக்கும். ஆகவே விடியுமுன் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும், மேற்பரப்பில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக நீர் எடுத்துப் பார்த்தல் வேண்டும். விடியற்காலை அடிநீரின் அளவே உண்மை நிலையைக் கூறும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

மேற்கூறிய உண்மைகளுள் இரண்டினை ஆசிரியர்கள் சிறு செலவில் மாணவர்க்குக் காட்டலாம்.

முதலாவது, நீரடுக்குகள். உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு குளிர்ந்த நீரை ஊற்றுக. சாயம் கலந்த வெந்நீரை, ஒரு கரண்டியின் முதுகின் மேல் மெல்ல வழியவிட்டு அதன்மேல் சேர்க்க. நிறமுள்ள அடுக்கு மேலேயே நிற்பதைக் காணலாம். பின்னர் ஒரு குழலை அடி வரை செலுத்தி, மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு கருவியால் குமிழிகளை விடுக. சிறிது நேரத்தில் அடுக்குகள் கலந்து பாத்திரம் முழுவதும் ஒரே நிறமாகும். சால்போர்டுக் குட்டைகளில் நடைபெற்றது இதுவே.

இரண்டாவது, பிராணவாயுவின் செலவு. மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் கால்வாய் நீரையும் காற்றுக்கு இடமின்றி நிரப்புக. இரண்டிலும் சம அளவாக மெதிலீன் நீலக் கரைசல் சில துளிகள் விட்டு மூடி, இருட்டில் வைக்க. அழுக்கு மிக்க நீரில் பாக்டீரியாக்கள் வாயுவைத் தீர்த்ததும் நீல நிறம் மறைந்துவிடும். நல்ல நீரில் அது பல நாள் நிலைத்திருக்கும். நிறம் மறைந்த நீரில் பாதியைக் கொட்டிவிட்டு, எஞ்சியதைக் காற்றோடு சேர்த்து மூடிக் குலுக்கினால் நீலம் மீண்டும் தோன்றும். கால்வாய் நீரை ஆசிரியரே எடுத்துக் கையாளுதல் வேண்டும்; பரிசோதனை முடிந்ததும் யாவரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

முடிவுரை

கால்வாய்க் கரையை மக்கள் விரும்பும் இடமாக்குவதில் வேலைகளின் வரிசையே முக்கியம். வரும் அழுக்கைத் தடுத்தல் முதலாவது. தேங்கிய நீருக்கு உயிர் கொடுத்தல் இரண்டாவது. கரையை அணி செய்தல் மூன்றாவது. செய்த மூன்றையும் ஆண்டுதோறும் காத்தல் நான்காவது. மூன்றாவதை முதலாவதாகச் செய்த ஊர்களில் திறப்பு விழா சிறப்பாக நடந்திருக்கலாம். அடுத்த கோடையில் நடைபாதை வெறிச்சோடிக் கிடக்கும். வெளியூரார் வந்து பார்ப்பது பின்னர் வரும் பயனே. கரையில் வாழ்பவர் தம் வீட்டுச் சன்னலைக் கால்வாய்ப் பக்கம் திறந்துவைக்க இயலுமாயின், வேலை நன்கு நடந்தது என்று கொள்ளலாம்.